காது நிமிர்ந்த முயல்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வெடி லேபில்களில் மற்றவர்கள் எழுதச் சொன்னதுதான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச வராது. கண் முன்போல இல்லை என்று இந்த வருடம் வேலையை விட்டு நின்றபோது, மாலை போட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று பேசாததற்குப் பதிலாக இதை எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். ஆர்ட் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு உதவும் என்றார். அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலர் பிரிப்பதும் பிலிம் எடுப்பதும் எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். சிவகாசியில் லேபில் வரைந்து பழகியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

அதற்கு முன்னால் ஒரு கிளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு லேபில் வரைந்தேன். மாதுளைக் கிளையில் உட்கார்ந்திருக்கும் கிளி. அச்சடித்து லோடும் போய்விட்டது. அச்சங்குளம் பக்கத்திலிருந்து வேறொரு கம்பெனிக்காரர் கையில் பெட்டியோடு வந்தார். அவர்களுடைய லேபிலிலும் கிளிதான், மாதுளைதான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "கிளிய அந்தப் பக்கம் பாக்க வையி, மாதுளைய கொய்யாவா ஆக்கு" என்றார். அரை நாளில் மாற்றிக் கொடுத்தேன். அதோடு பிரச்சினை தீர்ந்தது. பிறகு அந்தக் கம்பெனிக்காரரே எங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்.

இப்படி எத்தனையோ லேபில்கள். மயிலுக்கு ஒரு இறகு கூட்டுவோம், சிங்கத்துக்கு நாக்கை உள்ளே இழுப்போம். கொஞ்சம் மாற்றினால் அது நம்முடையது என்பது எனக்குப் பாடமாகவே ஆகிவிட்டது. யாரும் தப்பென்று சொன்னதில்லை.

தங்கவேல் அண்ணன் எங்கள் பிரஸ்ஸுக்கு வந்தது இருபது வருடம் கழித்து. விருதுநகரில் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருக்கிறார். வீட்டிலேயே மாடல் ரயில் செய்கிறவர். கடையில் விற்கிற பொம்மை ரயில் என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமான ஒரு கோச்சின் அளவுகளை வரவழைத்து, அதே மாதிரி சாணளவில் பித்தளையில் செய்வார். ஜன்னல் கம்பியும் படிக்கட்டும் அதே கணக்கில் இருக்கும். வெளிநாட்டில் வீட்டுக்குள் தண்டவாளம் போட்டு இந்த மாதிரி ரயில்களை ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். அவர்களில் ஒரு கிளப் இவரிடம் முப்பத்தாறு கோச் கேட்டிருந்தது. அவரும் அவர் வீட்டுக்காரி முத்துலட்சுமியும் எட்டு மாதமாக அந்த வேலையில்தான் இருந்தார்கள். வேறு வருமானம் இல்லை.

எங்களிடம் கேட்டது கோச்சின் பக்கவாட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர். தண்ணீரில் நனைத்தால் பேப்பர் கழன்று படம் மட்டும் வழுக்கிக்கொண்டு வரும். அதைப் பெயின்டின் மேல் இறக்கி, காய்ந்ததும் வார்னிஷ் அடித்துவிட்டால், அங்கேயே எழுதியது போல இருக்கும். கிளப்காரர்கள் கேட்டது அவர்கள் ஊர் ரயில் ஒன்றின் கோச்சுகள். அந்த ரயில்வேயின் சின்னம் ஒரு சிவப்பு வட்டத்துக்குள் ஓடுகிற முயல். காது இரண்டும் பின்னால் படிந்திருக்கும். என் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு. கோச்சுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ஆக ஒரு ஜோடி.

சாம்பிள் ஷீட் அடித்துக் கொடுத்தேன். அவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மொசலு சரியா இருக்கு தாயி. செவப்புதான் இது இல்ல."

"நீங்க குடுத்த போட்டோல இந்தச் செவப்புதானண்ணே இருக்கு."

"அது வெயில்ல நின்ன கோச்சு. ஷெட்டுக்குள்ள நின்ன கோச்சு போட்டோ ஒண்ணு இருக்கு. நாளைக்குக் கொண்டாரேன்."

நாலு தடவை வந்தார். ஐந்தாவது சிவப்பில் தலையை ஆட்டினார். அந்த சாம்பிள் ஷீட்டைப் படமெடுத்து, கிளப்காரர்கள் பார்ப்பதற்காக இன்டர்நெட்டில் போட்டார். ஷீட்டின் அடி ஓரத்தில், நாம் எல்லாவற்றிலும் போடுகிற மாதிரி, நம் பிரஸ் பெயரும் சிவகாசி என்ற ஊர்ப் பெயரும் பொடி எழுத்தில் இருந்தது.

கடிதம் அதனால்தான் எங்களுக்கு வந்தது.

மொத்த ஷீட்டும் அடிக்க வேண்டிய வாரத்தில் பிரஸ்ஸின் மெயிலில் ஆங்கிலத்தில் ஒன்று வந்தது. லேபில் டிசைன்கள் அந்த மெயிலுக்குத்தான் வரும் என்பதால் நான்தான் திறந்து பார்ப்பேன். போனில் போட்டுத் தமிழாக்கிப் படித்தேன். வெளிநாட்டு ரயில் கம்பெனி ஒன்றின் வக்கீல் எழுதியிருந்தார். முயல் சின்னம் அவர்களுடைய பதிவு பெற்ற வணிகச் சின்னம், அனுமதி இல்லாமல் அச்சடிக்கக் கூடாது, உடனே நிறுத்த வேண்டும், பதினைந்து நாளில் பதில் தர வேண்டும் என்று இருந்தது.

முதலாளி ஆர்டர் பிடிக்க வடக்கே போயிருந்தார். போன் போட்டேன். ரயிலில் இருந்தார், பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

"எந்த ரயிலும்மா அது?"

"இப்ப ஓடலயாம் மொதலாளி. அத வேறொரு பெரிய கம்பெனி வாங்கிருச்சாம்."

"ஓடாத ரயிலுக்கு என்னத்த உரிம? சரி, நம்ம பாக்காததா. கொஞ்சம் மாத்தி விடு. நான் வந்து பேசிக்கிறேன்."

மாற்றினேன். முயலின் காதை நிமிர்த்தினேன். வட்டத்தை எட்டுப் பட்டையாக்கினேன். வால் கொஞ்சம் தடித்தது. ஒரு மணி நேர வேலை. பயம் போய்விட்டது. நம்முடைய முயல் ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

செக்கிங்கில் பாக்கியம் இருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு, ஒரே வருடம் சேர்ந்தோம். ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ஏன்டி செல்வி, ஓடுற மொசலு காத தூக்கிக்கிட்டா ஓடும்? இது பஸ்ஸுக்கு நிக்கிற மொசலுல்ல."

"பேசாம எண்ணி வையி."

"அந்த லென்சுக்காரரு ஒத்துக்கிட்டாரா?"

அவரிடம் சொல்லவே இல்லை. போன் எடுக்க வேண்டும், நம்பரை அழுத்த வேண்டும், இப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். என்னால் ஆகவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து யோசித்து சாயங்காலம் ஆகிவிட்டது. ஷீட்டுகளை உறையில் போட்டு விருதுநகர் போகிற நம் வேனிலேயே கொடுத்து அனுப்பினேன். முயலை மாற்றியது ஒரு தப்பு. சொல்லாமல் அனுப்பியது அதைவிடப் பெரிய தப்பு. கூச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம். கூச்சப்பட்டது நான், பாதிக்கப்பட்டது அவர்.

மூன்றாம் நாள் காலையில் அவர் வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் சம்படம். என் மேஜையில் வைத்துத் திறந்தார். துணி சுற்றிய ஒரு கோச் இருந்தது. கரும்பச்சையில், சிவப்புக் கோடு போட்டு, அவ்வளவு அழகாக இருந்தது. நடுவில் என் முயல் நின்றுகொண்டிருந்தது.

"காது ஏன் தாயி நிக்கிது?"

கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"பழக்கத்துல நான் பாக்கல. நீங்க அடிச்சா சரியாத்தான் இருக்கும்னு முத்துலட்சுமிட்ட குடுத்துட்டு ஸ்டேஷனுக்குப் பார்சல் விஷயமாப் போயிட்டேன். ஆறு கோச்சுக்கு ஒட்டிட்டா. இதுக்கு வார்னிசும் அடிச்சிட்டா."

"சின்ன வித்தியாசந்தானண்ணே" என்றேன்.

"கிளப்புல இத கேட்டிருக்கவரோட அப்பா அந்த ரயில்ல கார்டா இருந்தவராம். இதே நம்பர் கோச்சுல. அவரு என்ன, பித்தளையவா வாங்குறாரு? அந்த மொசலத்தான வாங்குறாரு."

அப்போதுதான் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் வரும். வெளிநாட்டுக்காரர்களோடு எழுதி எழுதிப் பழகியவர். இரண்டு தடவை படித்தார். முகம் சுருங்கியது.

"இது எப்ப வந்துச்சு?"

"திங்கக்கெழம."

"எனக்குச் சொல்லலியே. சொல்லிருந்தா ஒட்டுறதுக்கு முந்தியே நிறுத்திருப்பேன்ல."

அவரே பேசினார். முன்பெல்லாம் ரயில் கம்பெனிகள் மாடல் செய்கிறவர்களைக் கண்டுகொள்ளாதாம். சில கம்பெனிகள் கூப்பிட்டு வரைபடமே கொடுக்குமாம், விளம்பரம்தானே என்று. பிறகு சின்னம் ஒரு சொத்து என்று ஆகிவிட்டது. சின்னக் கம்பெனிகளை விலைக்கு வாங்கிய பெரிய கம்பெனிகள் அந்தச் சின்னங்களையும் சேர்த்தே வாங்கின. இவரைப் போல வீட்டில் செய்கிறவர்கள் பலர் பயந்துபோய் சில ரயில்களைச் செய்வதையே விட்டுவிட்டார்களாம்.

"கம்பெனி செத்தாலும் மொசலு சாகலல்ல. அவுகளுது அவுகளுதுதான்" என்றார். "ஆனா இத மாத்தினது வம்பு தாயி. தெரியாம அடிச்சா தெரியாம அடிச்சோம்னு சொல்லலாம். காத நிமித்துனா, தெரிஞ்சுதான் பண்ணிருக்காகன்னு எழுதிக் குடுத்த மாதிரி."

இது எனக்குத் தோன்றவே இல்லை. என் முயல் அவருக்கும் ஆகவில்லை, அந்தக் கம்பெனிக்கும் ஆகவில்லை. யாருக்குமே ஆகாத ஒன்றைச் செய்திருந்தேன்.

கிளப்பின் கண்காட்சிக்கு முன்னால் கோச்சுகள் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு போனால் அவர்கள் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. எட்டு மாத வேலை அப்படியே வீட்டில் நிற்கும். அதை அவர் சொல்லவில்லை. சம்படத்தை மூடும்போது மூடி சரியாக உட்காராமல் மூன்று தடவை அழுத்தினார். எனக்குப் புரிந்தது.

பாக்கியம் காபி டம்ளரோடு வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள் போல.

"நேரா கேட்டுப் பாக்க வேண்டியதான" என்றாள்.

"யார்ட்ட?"

"மொசலுக்காரங்ககிட்ட. அந்தக் கிளி லேபிலு எப்படித் தீந்துச்சுன்னு நெனக்க?"

"மூக்க திருப்பி வச்சேன், தீந்துச்சு."

"கிழிச்ச. மொதலாளி அன்னைக்கு மத்தியானமே பழத்தட்டோட அவுக வீட்டு வாசல்ல போய் நின்னாரு. தெரியாம நடந்துபோச்சு, இப்படி மாத்தட்டுமா, ஒங்களுக்குச் சம்மதமான்னு கேட்டாரு. எங்கக்கா அங்கனதான வேல பாத்தா. அவுக சரின்ன பொறவுதான் ஒன்னய வரையவே சொன்னாரு. நீ கிளியத்தான பாத்த."

இருபது வருடமாக நான் வழக்கத்தில் பாதியை மட்டும் தெரிந்து வைத்திருந்திருக்கிறேன். மாற்றுவது என் மேஜையில் நடந்தது. கேட்பது வேறு எங்கோ நடந்தது. பிள்ளைகளே, உங்கள் மேஜைக்கு வருகிற வேலையும் பாதிதான். மீதிப் பாதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாளிக்கு மறுபடி போன் போட்டேன். வக்கீல் விஷயத்தில் தலை கொடுக்க அவருக்குப் பயம் இருந்தது. ஆனால் கிளியைப் பற்றி நான் கேட்டதும் இறங்கி வந்தார். "ஆமா, அத ஒனக்குச் சொல்லாம விட்டது என் தப்பு" என்றார். "எழுதுங்க. உள்ளத உள்ளபடி எழுதுங்க."

நான் சொல்லச் சொல்ல, தங்கவேல் அண்ணன் இங்கிலீஷில் எழுதினார். சாம்பிள் அடித்தது நாங்கள்தான். உங்கள் கடிதத்துக்குப் பிறகு சின்னத்தை மாற்றி அடித்ததும் நாங்கள்தான், அது தப்பு. கோச் செய்தவருக்கு இது தெரியாது. மொத்தம் முப்பத்தாறு கோச், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நிறுத்தச் சொன்னால் பிலிமையும் அச்சடிக்கிற ஸ்கிரீனையும் அழித்துவிடுகிறோம். அனுமதி கொடுத்தால் சரியான முயலை அடிக்கிறோம். கடைசியில் இரண்டு ஷீட்டின் படத்தையும் சேர்த்தோம்.

"கோச் செஞ்சவருக்குத் தெரியாதுங்கிறது வேணுமா தாயி? ஒங்களுக்கு வெனயாயிரும்" என்றார்.

"அதுதானண்ணே நெசம்" என்றேன். அன்று நான் கூச்சமில்லாமல் சொன்னது அது ஒன்றுதான்.

பதில் வருகிறதோ இல்லையோ, தப்பான முயல் போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி விருதுநகர் போனேன். முன்னறை முழுக்க கோச்சுகள் வரிசையாக நின்றன. முத்துலட்சுமி என்னைத் திட்டுவாள் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போயிருந்தேன்.

"வாங்கக்கா, சாப்பிட்டீகளா?" என்றாள்.

"ஆச்சு."

"பொய் சொல்றீக. மூஞ்சியே சொல்லுதே."

சோறு போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடவிட்டாள். வினிகரில் நனைத்த பஞ்சை முயலின் மேல் வைத்து ஊறவிட்டு, பல்குச்சியால் ஓரத்தைக் கிளப்ப வேண்டும். "மொசல் வேட்டைக்கு வந்திருக்கோம்" என்றாள். ஐந்து கோச்சில் சுத்தமாக வந்துவிட்டது. ஆறாவது, வார்னிஷ் அடித்தது. கார்டின் மகன் கேட்ட கோச்.

அதை நான் செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். என் தப்பை என் கையாலேயே எடுக்க வேண்டும் என்று ஒரு வைராக்கியம். இரண்டு மணி நேரம் மெதுவாகத்தான் செய்தேன். முயல் வந்தது. கூடவே பச்சைப் பெயின்டும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு உரிந்து வந்தது. கீழே பித்தளை தெரிந்தது.

தங்கவேல் அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, "முழுசா சொரண்டி முதல்லருந்து அடிக்கணும். ஒரு மாசம் ஆவும்" என்றார். அதைத் தனியாக எடுத்து அலமாரியில் வைத்தார். அவர் கைதான் அதற்குப் பழகிய கை. வைராக்கியத்துக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

பதிமூன்றாம் நாள் பதில் வந்தது. வக்கீல் இல்லை, அந்தக் கம்பெனியில் சின்னங்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு அம்மா எழுதியிருந்தார். இப்படி அவர்களுக்கு இதுவரை வந்த பதில்களில், சின்னத்தை மாற்றி அடித்ததையும் சேர்த்து ஒத்துக்கொண்டது இதுதான் முதல் என்று எழுதியிருந்தார். இந்த முப்பத்தாறுக்கு மட்டும் அனுமதி உண்டு, கட்டணம் இல்லை. சின்னத்தை ஒரு கோடு கூட மாற்றக் கூடாது. கோச்சை வைத்து அனுப்புகிற அட்டைப்பெட்டியில் சின்னம் யாருடையது என்று ஒரு வரி போட வேண்டும். ஷீட்டில் எங்கள் பிரஸ் பெயர் கூடாது. இதற்கு மேல் செய்வதானால் முறையாக உரிமம் எடுக்க வேண்டும் என்று அதற்கான நிபந்தனைகளையும் அனுப்பியிருந்தார். தங்கவேல் அண்ணன் அதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு. நமக்கு இதோட மொசலு முடிஞ்சுது" என்றார். இப்போதும் எந்த ரயில் செய்தாலும் முதலில் எழுதிக் கேட்கிறார். சில கம்பெனிகள் சரி என்கின்றன. பதிலே போடாத கம்பெனிகளின் ரயிலை அவர் செய்வதில்லை. அதில் சில ரயில்களை அவருக்கு ரொம்பப் பிடிக்கும் என்று முத்துலட்சுமி சொன்னாள்.

அந்த ரயில் கம்பெனியின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நம் மயிலை வேறு ஊரில் எவராவது அச்சடித்தால் நம் முதலாளியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் போவார். தங்கவேல் அண்ணனை நினைத்தால் வருத்தம் உண்டு. இரண்டும் இருக்கத்தான் செய்கிறது.

சரியான முயலை அடித்தோம். வேஸ்டேஜுக்கு என்று கூட அடிக்கிற பழக்கத்தை விட்டு, எண்ணி முப்பத்தாறு ஜோடி. மிச்சமிருந்த தப்பான ஷீட்டுகளையும் ஸ்கிரீனையும் பாக்கியம் என் கண் முன்னாலேயே அழித்தாள். விருதுநகரில் அவர்கள் இரண்டு பேரும் நானுமாக உட்கார்ந்து முப்பத்தைந்து கோச்சுக்கு ஒட்டி முடித்தோம்.

தங்கவேல் அண்ணன் போனில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கார்டின் மகனுக்கு, கோச் ஒரு மாதம் தாமதம் என்று.

"தப்பு யாருதுன்னு எழுதுனீக?" என்று கேட்டேன்.

"நம்மளுதுன்னு."

"என் பேரப் போட்டு எழுதுங்கண்ணே."

"அனுப்பிட்டேன் தாயி" என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று ராத்திரி அங்கேயே படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை பார்சல் ஏற்ற வேன் வந்தது. முப்பத்தைந்து பெட்டி ஏறின. மீதியிருந்த ஒரு ஜோடி முயலை வெட்டி, ஈரம் படாமல் பாலிதீன் உறையில் போட்டு, அலமாரியில் அந்தக் கோச்சுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் பஸ் ஏறினேன்.